எத்தனை டன்னு?

புது வண்டி வாங்கியாச்சு என்று டாலஸிலிருந்து போனில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை டன்னு?" விலை என்ன, கலர் என்ன என்றெல்லாம் கேட்கவில்லை. நாமக்கல்லில் கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு நேஷனல் பெர்மிட் லாரி வைத்து ஓட்டியவர். சக்கரம் வைத்த எதைப் பற்றிச் சொன்னாலும் அவருக்கு முதலில் எடை தெரிய வேண்டும். "பெட்ரூம் இருக்குப்பா, சமையல்கட்டு, பாத்ரூம், ரெண்டு ஏசி..." என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். "அதெல்லாம் கெடக்கட்டும் அம்மிணி. லோடோட எத்தனை?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடியதில்தான் இந்த வண்டியைப் பற்றி நான் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன். கடையில் கொடுத்த வழவழப்பான தாளில் அந்தப் பதில் இல்லை.

நாங்கள் வாங்கியது ஃபிஃப்த் வீல் கேம்பர், டிரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. டிராவல் டிரெய்லர் என்றால் வண்டியின் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் இரும்பு உருண்டையில் மாட்டிக்கொண்டு வரும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. அதன் முன்பகுதி மாடியாக நீண்டு வந்து பிக்கப் டிரக்கின் தொட்டிக்கு மேலே நிற்கும். அந்த மாடியின் அடியில் இரண்டு அங்குலத் தடிமனில் ஓர் இரும்புப் பின் தொங்கும். அதுதான் கிங்பின். டிரக் தொட்டியில் பதித்திருக்கும் ஹிட்ச்சின் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. குடும்பம் வசிக்கும் வண்டிக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் விமானம் கட்டிய கிளென் கர்ட்டிஸ். 1920களிலேயே ஏரோகார் என்று ஒன்றைச் செய்து விற்றார். இழுக்கிற காரின் பின்னால் படுக்கவைத்த விமான டயர் ஒன்றுதான் அதில் இணைப்பு. குலுங்காமல் வருமாம்.

இணைப்பு டிரக்கின் பின் அச்சுக்கு நேர்மேலே வருவதால் டிரெய்லர் வாலாட்டாது. ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டிரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில வண்டிகளில் இன்னும் கூடுதலாக, டிரக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். அப்பா சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் இதை அவர் சொன்ன மாதிரி எந்த யூடியூப் வீடியோவும் சொல்லவில்லை. "இழுக்கறது வேற, சொமக்கறது வேற. உங்க கடைக்காரன் இழுக்கறதப் பத்தியே பேசறான்."

நிஜம்தான். கடையில் போய் நின்றால், "உங்க டிரக் பதினெட்டாயிரம் பவுண்டு இழுக்கும், இது வெறும் 10,900 பவுண்டுதானே" என்பார்கள். அந்த 10,900 என்பது டிரை வெயிட். அதில் தண்ணீர் இல்லை, துணிமணி இல்லை, அரிசி இல்லை, குக்கர் இல்லை. பார்க்க வேண்டிய எண் டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். எங்கள் ஃபோர்டு எஃப்-350இல் அது 3,720. டிரெய்லரின் அதிகபட்ச எடை 13,995. அதில் இருபது சதவீதம் என்று வைத்தாலே முதுகில் 2,800. ஹிட்ச் 160. நான், இவர் (என் வீட்டுக்காரர்), அப்பா, அம்மா நான்கு பேரும் சேர்ந்து 640. கூட்டினால் 3,600. மிச்சம் 120 பவுண்டு. இதே கணக்கை எங்களுடையதைவிட ஒரு படி சின்னதான 'முக்கால் டன்' டீசல் டிரக் வைத்திருக்கும் நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

13,995 என்ற அந்த விநோதமான எண்ணுக்கும் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். டெக்சாஸில் டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை 26,001 பவுண்டைத் தொட்டுவிட்டால் சொந்த உபயோகத்துக்குக்கூட கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். எங்கள் டிரக் 11,400. கூட்டினால் 25,395. சாதாரண லைசென்ஸ் போதும். அப்பாவுக்கு இதைக் கேட்டு சிரிப்பு அடங்கவில்லை. ஆறு டன் வண்டியைக் கார் லைசென்ஸில் ஓட்டலாம் என்று ஒரு சர்க்கார் விடுமா என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் மார்ச்சில் டாலஸ் வந்து சேர்ந்தார்கள். முதல் பயணம் ஏப்ரலில். எங்கே போவது என்பதில் வீட்டில் சண்டை. இவருக்கு நேராக கொலராடோ போக வேண்டும். நான் ஒரே பிடியாக நின்றேன்: முதல் பயணம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஏதாவது உடைந்தால் கடைக்குத் திரும்பி வந்துவிடுகிற தூரம். புது கேம்பர் என்பது புதுக் கார் மாதிரி தயாராகி வருவதல்ல. இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்காவின் பெரும்பாலான கேம்பர்களைக் கட்டுகிறார்கள். வேகமாகக் கட்டுகிறார்கள். மிச்ச வேலையை வாங்கியவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் டெனிசன் ஊரில் டெக்ஸோமா ஏரிக்கரையில் இருக்கும் ஐசன்ஹோவர் ஸ்டேட் பார்க்கில் இடம் போட்டேன். வெள்ளி மதியம் போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு.

வீட்டு வாசலில் இதை நிறுத்த எங்கள் குடியிருப்புச் சங்கம் விடாது. மெக்கின்னிக்கு வடக்கே மாத வாடகைக்கு ஒரு ஷெட்டில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே போனோம். அம்மாவுக்கு வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் பூஜை போட வேண்டும் என்று ஆசை. ஊரில் புது வண்டி என்றால் ஆஞ்சநேயர் கோயிலில் நிறுத்திவிட்டுத்தான் ரோட்டில் ஏற்றுவோம். ஃபிரிஸ்கோவில் காரிய சித்தி ஹனுமான் கோயில் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் 34 அடி நீள டிரெய்லரை அந்தப் பார்க்கிங்கில் திருப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. டிரக்கை மட்டும் முந்தின வாரமே கொண்டுபோய்க் காட்டிவிட்டோம். டிரெய்லருக்கு ஷெட்டிலேயே எலுமிச்சம்பழம். டிரக்குக்கு நாலு, டிரெய்லருக்கு நாலு. பக்கத்துப் படகுக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி நசுக்கியதும் அம்மா கீழே குனிந்து தோல்களையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். "வாடக எடம், சாமி. குப்பை போடக் கூடாது."

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாட்டும் வேலை.

முதலில் டெயில்கேட்டை இறக்கினோம். டிரக்கைப் பின்னால் எடுத்துவந்து, டிரெய்லரின் மூக்கை முன்கால்களால் ஏற்றி இறக்கி, ஹிட்ச் தட்டை விடக் கொஞ்சம் தாழ்வாக வைத்தோம். டிரக் பின்னால் வரும்போது தட்டு முதலில் டிரெய்லரின் மூக்கைச் சற்றுத் தூக்க வேண்டும், அப்புறம்தான் கிங்பின் தாடைக்குள் போக வேண்டும். கணக்கு மாறி மூக்கு உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்கு மேலே சறுக்கிப்போய் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு மாட்டியது மாதிரியே இருக்கும். முதல் குலுக்கலில் டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பக்கச் சுவரில் விழும். 'க்ளக்' என்று சத்தம் வந்தது, கைப்பிடி உள்ளே போனது. இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"சத்தத்த நம்பாதீங்க மாப்ள" என்று அப்பா டார்ச்சை வாங்கிக்கொண்டு தொட்டியில் ஏறினார். எழுபத்து மூன்று வயதில் முட்டிபோட்டு, தலையைச் சாய்த்து, தாடை பின்னைச் சுற்றி முழுசாக மூடியிருக்கிறதா, தட்டுக்கும் மாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். வெளிச்சம் தெரியக் கூடாது. இறங்கி வந்து, "இப்ப இழுத்துப் பாரு" என்றார். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை போட்டபடியே, முன்கால் தரையைத் தொட்டபடியே, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அமுக்கிக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்தினேன். நகரவில்லை. அமெரிக்கர்கள் இதை டக் டெஸ்ட் என்கிறார்கள், எல்லா செக்லிஸ்ட்டிலும் இருக்கிறது. அப்பாவிடம் லிஸ்ட் எதுவும் இல்லை, வரிசை மட்டும் அப்படியே இருந்தது: கிங்பின், தாடை, பூட்டு, அப்புறம் மின்சார ஒயர், அப்புறம் அறுந்தால் பிரேக் பிடிக்கிற கேபிள், அப்புறம் இழுப்பு, அப்புறம் முன்கால், கடைசியில்தான் கட்டை. கட்டையை முதலில் எடுத்தவனை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாராம்.

ஓட்டியது நான். இவருக்குப் பெரிய வண்டி என்றால் தோள் இறுகிவிடும். எனக்கு அந்தப் பயம் இல்லை, ரத்தத்தில் ஏதோ இருக்கலாம். அம்மா பின்னால் போய் மெத்தையில் படுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இத்தன காசு குடுத்து வாங்கிப்போட்டு ஆளு ஏறக் கூடாதாமா" என்று ஷெர்மன் வரைக்கும் முனகிக்கொண்டு வந்தார்.

75ஆம் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பெரிய பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். புதுச் சக்கரங்களின் நட்டுகளைப் பத்து மைலில் ஒருமுறை, இருபத்தைந்தில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லி கையேட்டில் போட்டிருக்கிறது. டார்க் ரெஞ்ச்சை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடதுபக்கப் பின்சக்கரத்தில் இரண்டு நட்டு லேசாக நகர்ந்து கொடுத்தன. அப்பா அதற்குள் நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். நான் இருபது டாலருக்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருந்தேன். அவர் "சூடு ஒண்ணுபோல இருக்குது, பரவால்ல" என்றார். மீட்டரும் அதையேதான் சொன்னது. ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கூடச் சுட்டால்தான் கவலை. பேரிங்கோ பிரேக்கோ எங்கேயோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பங்க்கின் நுழைவாயிலில் 18 சக்கர லாரிகளுக்கு அனுமதி இல்லை என்று போர்டு வைத்திருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு நான் சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்தும் குடிக்கவில்லை. "லாரிக்காரன் வேண்டாமா? இவிங்க விக்கற காபித்தூள ஆரு கொண்டாந்தது?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்து நிறுத்தியது லாரிக்காரர்களின் டிரக் ஸ்டாப். அங்கே எடை மேடை இருந்தது. அப்பாவுக்கு அங்கே காபி இறங்கியது.

எடை மேடைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். வெறும் டிரக்கை முந்தின வாரமே எடை போட்டு வைத்திருந்தேன். இப்போது டிரெய்லரோடு ஏற்றினால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று மூன்று எண் தனித்தனியாக வரும். டிரக் எண்கள் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் கிங்பின் டிரக்கின் முதுகில் வைத்த பாரம். எங்களுக்கு 2,640 வந்தது. டிரெய்லர் மொத்தம் 12,700. தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து வந்ததில் கொஞ்சம் மிச்சம். ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல், ஐம்பது கேலன் தொட்டி என்றால் நானூறைத் தாண்டும். போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது தண்ணீரை எதற்கு ஊர்வலம் விட வேண்டும்? ரசீதை அப்பா வாங்கிப் பார்த்து, பவுண்டைக் கிலோவாக்கச் சொல்லி, "ஆறு டன்னுக்கு உள்ளதான்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்றைக்குத் தெற்கிலிருந்து காற்று. ஏப்ரலில் வடக்கு டெக்சாஸ் இப்படித்தான், பகல் முழுக்க அடிக்கும். ரோட்டோரம் ப்ளூபானெட் பூக்கள் நீலமாகப் படுத்துக் கிடந்தன. பின்னாலிருந்து அடித்தவரைக்கும் காற்று தெரியவில்லை. ஒரு மேம்பாலத்தில் ரோடு வளைந்து காற்று பக்கவாட்டில் வந்ததும் டிரெய்லர் ஒரு தள்ளு தள்ளியது. 13 அடி உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. "வைக்கப்புல்லு லோடு மாதிரி காத்தப் புடிக்குது. வெசையாப் போவாத" என்றார் அப்பா. நான் 62 மைலுக்கு மேல் போகவில்லை. டயர்கள் டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி வகை, 80 பிஎஸ்ஐ காற்று. குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்ப வேண்டும். இந்த டயர்கள் வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் குறைந்த காற்று, கூடுதல் பாரம், வேகம் இந்த மூன்றும்தான். லாரிக்காரர் மகளுக்கு இதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என்னைக் கடந்து போன ஒரு கேம்பர் எப்படியும் எண்பதில் போயிருக்கும்.

டெனிசனைத் தாண்டி, அணைக்கட்டுப் பக்கம் போகும் 91ஆம் ரோட்டைப் பிடித்து பார்க்குக்குள் நுழைந்தோம். மரங்கள் ரோட்டின் மேல் கவிந்திருந்தன. ஃபிஃப்த் வீல் வளைவில் டிரக் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டிரக்கை நேராக நன்றாக உள்ளே விட்டு, அப்புறம் ஒடிக்க வேண்டும். திரும்புகிற பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கண், மேலே கிளையில் ஒரு கண்.

பார்க்கிங் ரிவர்ஸ்தான் எல்லாருக்கும் பயம். கேம்ப் கிரவுண்டுகளில் வெள்ளிக்கிழமை மாலைப் பொழுதுபோக்கே புதுசாக வந்தவன் வண்டியைப் பின்னால் விடுவதைப் பார்ப்பதுதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கணவன் மனைவி சண்டை இலவசம். நாங்கள் அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. இவரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா பின்னால் போனார். முதலில் இடத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். மின்கம்பம் எங்கே, குழாய் எங்கே, தாழ்ந்த கிளை எங்கே. அப்புறம் என் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு ஒரு கையைத் தூக்கினார்.

"ஸ்டேரிங்கு அடியப் புடி. பின்னால எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் கையத் தள்ளு."

அவ்வளவுதான் பாடம். அப்புறம் டெக்சாஸ் காட்டுக்குள் நாமக்கல் பைபாஸ் சத்தம் கேட்டது. "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... போதும், நேராக்கு... வரட்டும் வரட்டும் வரட்டும்... ஹோல்டான்!" டிரெய்லரின் முதுகில் ரெண்டு தட்டு. எதிர்ச் சைட்டில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. கட்டை எங்கே என்று இவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் இடத்தில் 30 ஆம்ப் மின்சாரம், தண்ணீர் இரண்டும் உண்டு. வண்டி 50 ஆம்ப்புக்குக் கட்டியது, அதனால் நடுவில் ஓர் அடாப்டர். இதில் பலருக்கும் புரியாத விஷயம், 50 என்பது 30ஐவிட இருபது கூடுதல் அல்ல. 30 ஆம்ப் ஒற்றைக் கம்பி, 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப்பில் இரண்டு கம்பி, இரண்டிலும் ஐம்பது, மொத்தம் 12,000 வாட். ஆக எங்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு ஏசி ஓடினால் ஏறக்குறைய 1,500 போய்விடும். தண்ணீர் சூடாக்கும் கருவியை மின்சாரத்தில் போட்டால் இன்னொரு 1,400. அப்போது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். நான் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டு, மிக்ஸியை எடுத்து மேஜையில் வைத்தேன். தேங்காய்ச் சட்னிக்கு ஏசியை நிறுத்த மாட்டேன். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை மாட்டாமல் ஹோஸைச் சொருகாதீர்கள், இதை மட்டும் நினைவில் வையுங்கள். பார்க் குழாயின் அழுத்தத்தை வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படி மாட்டியும் சிங்க்குக்குக் கீழே ஈரம். அது உள்ளே வரும் தண்ணீர் இல்லை, வெளியே போகும் குழாய். கையால் திருகும் பிளாஸ்டிக் நட்டு, வழிக் குலுக்கலில் கழன்றிருந்தது. அதைத் தவிர: ஓர் அலமாரிக் கதவின் கீல் ஒரு ஸ்க்ரூவில் தொங்கியது; சமையல்கட்டு டிராயர் ஒன்று வழியிலேயே வெளியே வந்து கரண்டியெல்லாம் தரையில்; ஹீட்டர் காற்றுவழியைத் திறந்தால் மரத்தூள்; குளியலறைத் தரையில் ஒரு நீள ஸ்க்ரூ தனியாகக் கிடந்தது. அது எங்கிருந்து விழுந்தது என்று இன்று வரை தெரியவில்லை. எடுத்துக்கொண்ட நாளன்று கடைக்காரர்கள் எல்லாவற்றையும் சோதித்ததாக ஒரு தாளில் டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைக் காட்டியபோது அப்பா, "எஃப்.சி. மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். புரிந்துகொண்டார்.

சமையல் பற்றி இரண்டு சொல். புகை அலாரம் சமையல்கட்டிலிருந்து ஆறடியில் இருக்கிறது. வரமிளகாய் கிள்ளித் தாளித்தால் போதும், வண்டியே அலறும். நல்லவேளை, வெளியே பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஒரு குட்டி அடுப்பு உண்டு. தாளிப்பெல்லாம் அங்கே, சோறு உள்ளே. அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்திருந்ததால் முதல் நாள் அதற்கும் வேலையில்லை.

அப்புறம் கழிவறை. யாரும் கூச்சப்பட வேண்டாம், கேம்பர்காரர்கள் கூடினால் பேசுவதே இதுதான். கழிவறைத் தொட்டியான பிளாக் டேங்க்கின் வால்வை எப்போதும் மூடியே வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டுத் திடமானது உள்ளேயே குவிந்து இறுகிவிடும். தண்ணீர் நிறைய, பேப்பர் குறைவு, இதுதான் தாரக மந்திரம் என்று எல்லா வீடியோவிலும் ஓதுகிறார்கள். நாலு பேரும் சொம்பு பிடித்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு இதில் தனி முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே பிரச்சினை, டேங்க் சீக்கிரம் நிறையும். கிளம்பும் நாளில் டம்ப் ஸ்டேஷனில் முதலில் பிளாக், பின்னால் கிரே. குளித்த தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும். கையுறை போடுங்கள். இவர் அந்த வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். ரிவர்ஸ் வேண்டாம் என்றால் வேறு எதிலாவது ஈடு கட்ட வேண்டுமல்லவா.

சனிக்கிழமை டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கில் ஊர் சுற்றினோம். ஃபிஃப்த் வீலின் பெரிய வசதி இது. ஐசன்ஹோவர் பிறந்த வீடு டெனிசனில்தான் இருக்கிறது. இரண்டு மாடிகொண்ட எளிய மரவீடு. அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஐசன்ஹோவர் 1890இல் பிறந்தார், அவருக்கு இரண்டு வயதாவதற்குள் குடும்பம் கான்சாஸ் போய்விட்டது. அப்பாவுக்கு ஜனாதிபதி என்பதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் 1919இல் அந்த மனிதர் ராணுவ லாரிகளோடு வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் போனார், 62 நாள் ஆனது என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் அத்தனை நாள்? ரோடு இல்லை, சேறு, பாலங்கள் லாரி தாங்காமல் உடைந்தன. 3,200 மைலுக்கு மேல், மணிக்கு ஆறு மைல் சராசரி. அந்த ஆள்தான் ஜனாதிபதியானதும் 1956இல் நாடு முழுக்க இன்டர்ஸ்டேட் போடும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "லாரில போனவனுக்குத்தான் ரோட்டு அருமை தெரியும்" என்றார் அப்பா. பங்க் போர்டு விஷயம் ஒரு வழியாக அங்கே ஆறியது.

அணைக்கும் போனோம். சிவப்பு ஆற்றின் குறுக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டி முடித்த மண் அணை. ஜெர்மானியப் போர்க்கைதிகளும் இந்தத் திட்டத்தில் வேலை செய்தார்கள். அணை என்றதும் காவிரிப் பக்கத்து ஆள் கேட்கிற கேள்வியை அப்பா கேட்டார்: "ஃபுல்லு எத்தன அடி?" 617 என்றேன். மேட்டூர் 120. அவர் அணையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடல் மட்டத்திலிருந்து கணக்கு என்று விளக்கும் வரை என்னை வேறெதையும் பேச விடவில்லை. 640ஐத் தொட்டால் உபரிநீர் மதகு வழிந்துவிடும். 1957, 1990, 2007, 2015 என்று வழிந்திருக்கிறது. அம்மாவுக்கு மேட்டூர் மாதிரி பூங்காவும் மீன் வறுவலும் இல்லாதது குறை.

ராத்திரி காற்று திசை மாறி இடி தொடங்கியதும் முதல் வேலையாக வெய்யில் மறைப்புத் துணியைச் சுருட்டினேன். மழை கூரையில் ஒரு மணி நேரம் கொட்டியது. கூரை ஒழுகவில்லை. புது வண்டியில் இதைத் தெரிந்துகொள்ள நல்ல மழையைவிடச் சிறந்த சோதனை கிடையாது. மாடியில் எங்கள் படுக்கைக்கு மேல் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம்தான், இவர் இரண்டு முறை இடித்துக்கொண்டார். அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது என்று பெரியவர்களுக்கு கீழே சோபா படுக்கை. நடுராத்திரி அப்பா டார்ச்சோடு எழுந்து ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து, பழுதுகளை போட்டோவோடு எழுதிக் கடைக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அப்பா அதற்குள் சிங்க் குழாயை டெஃப்லான் டேப் கேட்காமல், வாஷரை மட்டும் மாற்றித் திருகி முடித்துவிட்டார். டிராயருக்கு காந்தப் பூட்டு, கீலுக்கு நீள ஸ்க்ரூ. உத்தரவாதத்தில் கடைக்காரன் செய்யட்டுமே என்றேன். "அவன் செஞ்சதுதான கழண்டது?"

அவர்கள் ஜூலையில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் பாலோ டூரோ பள்ளத்தாக்கு போய்வரலாம் என்று ஆசை. பார்க்கின் உள்ளே இறங்கும் ரோடு பத்து சதவீதச் சரிவு. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கீழ் கியரில் விட்டால் போதும் என்கிறேன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலையில் லோடு ஏற்றி இறக்கியவர், அதெல்லாம் சரி, டிரெய்லர் பிரேக்கைத் தனியாக ஒருதரம் காலி ரோட்டில் பிடித்துக் காட்டு, அப்புறம் பேசலாம் என்கிறார். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷெட்டில் சோதனை. டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.